வட்டத் துளைக்கு டெம்ப்ளேட்: வாங்குவதா, வெட்டக் கொடுப்பதா, கடைசல் பிடிப்பதா?

போன வருசம் சரவணம்பட்டியில் ஒரு அலுவலகத்துக்கு 24 மேசை செய்து கொடுத்தோம். 18 மிமீ பிளைவுட், மேலே மைக்கா. ஒயர் இறங்குவதற்கு மேசைக்கு இரண்டு துளை, ஒவ்வொன்றும் 60 மிமீ விட்டம். ஆக 48 துளை. வழக்கமாக இதற்கு ஹோல்சா (டிரில்லில் மாட்டும் வட்ட ரம்பம்) போட்டுத் துளைத்து, பிளாஸ்டிக் மூடியை அழுத்திவிட்டால் சோலி முடிந்தது. இந்த முறை வரைபடம் கொடுத்தவர் மூடியே வேண்டாம் என்றார். பிளைவுட்டின் அடுக்கு வரிவரியாகத் தெரிய வேண்டும், விளிம்பை லேசாக உருட்டிப் பாலிஷ் போட்டால் போதும் என்பது அவருடைய விருப்பம்.

மூடி மறைக்காது என்றால் துளையின் உள்சுவர் பார்ப்பவர் கண்ணில் நேராகப் படும். ரம்பப் பல் கிழித்த கோடு, மைக்கா பெயர்ந்த செதில், ஒரு பக்கம் கொஞ்சம் நசுங்கிய வட்டம் எல்லாம் அங்கே தெரியும். 48 இடத்திலும் ஒரே மாதிரி சுத்தமாக வர வேண்டுமானால் டெம்ப்ளேட், அதாவது வேண்டிய வட்டம் வெட்டிய மாதிரிப் பலகை வைத்து, அதன் ஓரத்தைப் பிடித்து ரவுட்டர் (சுழலும் பிட்டால் மரத்தைக் குடையும் மிஷின்) ஓட்டுவதுதான் வழி. அந்த டெம்ப்ளேட்டை எங்கே பிடிப்பது என்பதுதான் கேள்வி.

என் பட்டறை கிணத்துக்கடவில் இருக்கிறது. வடக்கே கோவைக்குள் நுழையும் வழியில் குறிச்சி சிட்கோ, தெற்கே பொள்ளாச்சி. இத்தனை வருசத்தில் இணையத்தில் வாங்கியது, லேசரில் வெட்டியது, சிஎன்சியில் (கணினி ஓட்டும் வெட்டு மிஷின்) வெட்டியது, கையால் செய்தது, லேத்தில் (கடைசல் மிஷின்) கடைந்தது என்று எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே அளவு திரும்பத் திரும்ப வரும் என்றால் லேத்தில் கடைந்த ஹைலம் (மின் பேனலில் போடும் பழுப்பு அட்டை) பலகை. பெரிய வட்டம், அதுவும் ஒன்றிரண்டுதான் என்றால் நீங்களே செய்துகொள்ளும் கவராயப் பலகை. வட்டம் அல்லாத வடிவத்துக்கு சிஎன்சி. மற்றவை எல்லாம் அவசரத்துக்கு.

ஹோல்சாவை ஒதுக்கிவிட வேண்டாம். மூடி போடும் துளை என்றால் டெம்ப்ளேட்டுக்கு அலைவது வீண். மூடியின் ஓரம் சுற்றிலும் சில மில்லி மறைத்துவிடும். அதற்குள் இருக்கும் பிசிறு யார் கண்ணிலும் படாது. நடு ஊசி அடிப்பக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, பலகையைத் திருப்பி மறுபக்கத்திலிருந்து துளைத்தால் இரண்டு முகமும் தப்பிக்கும். விளிம்பு வெளியே தெரியும் இடம், ஹோல்சா பெட்டியில் இல்லாத அளவு, பாதி ஆழத்தில் நிற்க வேண்டிய குழி, இந்த மூன்றுக்குத்தான் ரவுட்டர் வேண்டும்.

வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

டெம்ப்ளேட்டை ரவுட்டர் இரண்டு விதமாகப் பின்பற்றும். ஒன்று பேரிங் பிட். பிட்டின் தண்டில் ஒரு சின்ன பேரிங் இருக்கும், அதன் விட்டமும் வெட்டும் பல்லின் விட்டமும் ஒன்று. பேரிங் டெம்ப்ளேட்டின் ஓரத்தில் உருண்டு போகும், கீழே பல் அதே கோட்டில் வெட்டும். 60 துளை வேண்டுமென்றால் டெம்ப்ளேட்டும் 60. கணக்கே கிடையாது.

இன்னொன்று கைடு புஷ். ரவுட்டரின் அடித்தட்டில் மாட்டும் சின்னக் குழாய் அது. பிட் அதன் நடுவே இறங்கும், குழாயின் வெளிப்புறம் டெம்ப்ளேட்டை உரசிக்கொண்டு போகும். குழாய் பிட்டை விடப் பெரியது என்பதால், வெட்டு டெம்ப்ளேட்டின் ஓரத்தைத் தொடாமல் உள்ளே தள்ளி விழும். அதனால் டெம்ப்ளேட்டின் துளை, நமக்கு வேண்டிய துளையை விடப் பெரிதாக இருக்க வேண்டும். எவ்வளவு பெரிதாக? புஷ்ஷின் வெளிவிட்டத்தில் பிட்டின் விட்டத்தைக் கழித்து, மிச்சத்தை வேண்டிய அளவோடு கூட்ட வேண்டும். என்னிடம் இருப்பது 16 மிமீ புஷ், 8 மிமீ பிட். 16 கழித்தல் 8, மிச்சம் 8. 60 துளைக்கு 68 டெம்ப்ளேட்.

இந்தக் கணக்கைப் போடாமல் கடைக்குப் போகாதீர்கள். ஐந்தாறு வருசத்துக்கு முன் நான் 60 என்று அளவு கொடுத்து ஒரு டெம்ப்ளேட் வெட்டி வாங்கி வந்து, புஷ் மாட்டி ஓட்டினேன். துளை 52 வந்தது. நல்ல வேளையாக அது வேண்டாத துண்டில் போட்ட சோதனைத் துளை. வெட்டியவர் மேல் தப்பில்லை. நான் கேட்டதைத்தான் அவர் கொடுத்தார்.

பேரிங் பிட்டில் கணக்கு இல்லையென்றால் அதையே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பேரிங் எப்போதும் டெம்ப்ளேட்டின் கனத்துக்குள் நிற்க வேண்டும். பிட்டின் பல் 25 மிமீ நீளம், டெம்ப்ளேட் 6 மிமீ கனம் என்று வையுங்கள். பேரிங் டெம்ப்ளேட்டைத் தொடும்படி இறக்கினாலே பல் மரத்தின் முழுக் கனத்துக்கும் இறங்கிவிடும். அதாவது 18 மிமீ பிளைவுட்டை ஒரே இழுப்பில் வெட்ட வேண்டி வரும். டிரிம்மர் என்கிற சின்ன ரவுட்டருக்கு அது தாங்காது. கருகும், அதிரும், கையை உதறும். முதலில் ஜிக்சாவில் ஓரம் விட்டு வெட்டி, கடைசி இரண்டு மில்லியை மட்டும் பேரிங் பிட்டுக்கு விட்டால் சரிவரும். கைடு புஷ்ஷில் இந்தத் தொல்லை இல்லை. 4 மில்லி, இன்னொரு 4 மில்லி என்று படிப்படியாக இறங்கலாம்.

புஷ்ஷுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. அது அடித்தட்டுக்குக் கீழே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறதோ, டெம்ப்ளேட் அதை விடக் கனமாக இருக்க வேண்டும். என்னுடையது 9 மிமீ நீட்டம். 6 மிமீ டெம்ப்ளேட்டில் வைத்தால் புஷ்ஷின் நுனி மரத்தில் இடித்து, மிஷின் தட்டையாக உட்காராது. அதனால் எனக்கு 12 மிமீ கனம் தேவை. புஷ்ஷை வெர்னியரில் அளந்துவிட்டுத்தான் மற்ற பேச்சு. பெட்டியில் 16 என்று போட்டிருப்பது கையில் 15.9 இருக்கலாம்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை, இது எந்த வழியில் போனாலும் பொருந்தும். நம் கடைகளில் 6 மிமீ தண்டு பிட்டும் கால் இஞ்சு தண்டு பிட்டும் ஒரே டப்பாவில் கலந்து கிடக்கும். கால் இஞ்சு என்பது 6.35 மிமீ. கால் இஞ்சுக் காலட்டில் (பிட்டின் தண்டைக் கவ்வும் பிடி) 6 மிமீ தண்டை மாட்டினால் இறுகியது போலவே இருக்கும். நிமிடத்துக்கு முப்பதாயிரம் சுற்று போகும்போது நழுவும். எனக்கு ஒரு முறை நழுவி, குழி 10 மில்லியில் நிற்க வேண்டியது 13க்குப் போனது. பிட் வெளியே பறக்காமல் இருந்ததே புண்ணியம்.

கிடைக்கிற வழிகள்

இணையத்தில் ஒரே தட்டில் நாலைந்து வட்டம் வெட்டிய செட் விற்கிறார்கள். பெரும்பாலும் அங்குல அளவு. எந்த புஷ்ஷுக்கு, எந்த பிட்டுக்கு என்று தெளிவாகப் போட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். அது இல்லாவிட்டால் அந்த எண்கள் டெம்ப்ளேட்டின் அளவா, வரப்போகும் துளையின் அளவா என்பதே புரியாது. நமக்கு வேண்டிய 60, 75 அதில் சரியாக அமைவதும் அரிது. பழகிப் பார்க்க வாங்கலாம், வேலைக்கு நான் சொல்ல மாட்டேன்.

லேசரில் வெட்டிய அக்ரிலிக் எனக்குப் பிடித்த வழிதான். பெயர்ப்பலகை, விருதுக் கேடயம் செய்யும் கடைகளில் இந்த மிஷின் இருக்கிறது. காலையில் அளவு கொடுத்தால் பொழுதோட வாங்கிக்கொள்ளலாம். கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் என்பது பெரிய வசதி. கீழே பென்சிலில் போட்ட கோட்டின் மேல் அப்படியே வைத்துவிடலாம். குறையும் சொல்ல வேண்டும். லேசர் வெட்டும் வழியில் ஒரு மில்லியில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு பொருளை எரித்துவிடும். அதைக் கணக்கில் எடுக்கச் சொல்லாவிட்டால் துளை அந்த அளவு பெரிதாகும். 10, 12 மிமீ கனமான அக்ரிலிக்கில் ஓரம் நேர்ச் செங்குத்தாக நிற்காமல் துளி சாய்ந்து வருவதும் உண்டு. சூடும் ஆகாது. ஒரு தடவை பிளைவுட் பசை படிந்து என் பேரிங் இறுகிப்போனது. நான் கவனிக்காமல் ஒரே இடத்தில் இரண்டு விநாடி நின்றுவிட்டேன். உருள வேண்டிய பேரிங் பிட்டோடு சேர்ந்து சுற்றி, அக்ரிலிக்கில் நகம் போன்ற ஒரு பள்ளம் உருகிவிட்டது. அதன் பிறகு வெட்டிய ஒவ்வொரு துளையிலும் அந்த இடத்தில் ஒரு புடைப்பு.

கதவில் பூ வேலை செய்யும் சிஎன்சி கடைகளில் 12 மிமீ எம்டிஎஃப்பில் வெட்டிக் கொடுப்பார்கள். வட்டம் நன்றாக வரும். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: கடைசியில் அரை மில்லி விட்டு, அதைத் தனியாக ஒரு சுற்று வரச் சொல்லுங்கள். இல்லையென்றால் பிட் மரத்துக்குள் இறங்கிய இடத்தில் சின்னத் தழும்பு இருக்கும். எம்டிஎஃப்பின் ஓரம் மாவு போல. புஷ் உரச உரசத் தேயும். ஓரத்தில் ஃபெவிக்விக்கைச் சொட்டுச் சொட்டாக ஊற விட்டு, காய்ந்ததும் நைசான உப்புத்தாள் போட்டால் கெட்டியாகும். ஈரம் இன்னொரு பகை. எங்கள் ஊருக்கு ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சாரலோடு காற்று வரும். சன்னலோரம் தொங்கவிட்ட எம்டிஎஃப் டெம்ப்ளேட் ஒன்று ஒரு மழைக்காலத்திலேயே ஓரம் பொங்கிப் போனது.

ஆனால் சமையல் மேடையில் முனை உருண்ட செவ்வகத் தொட்டி, கைப்பிடிக்கு நீள் துளை, இரண்டு வட்டம் சேர்ந்த வடிவம் என்று வந்தால் சிஎன்சியை விட்டால் வேறு நல்ல வழி இல்லை. வட்டம் மட்டும்தான் என்றால் அது தேவைக்கு மேல்.

கையால் செய்வது: ஜிக்சாவில் வெட்டி, உப்புத்தாளில் தேய்த்து வட்டமாக்குவது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். டெம்ப்ளேட்டில் இருக்கும் குறை அதில் வெட்டும் எல்லாத் துளையிலும் குட்டி போடும் என்பதை அப்போதுதான் கற்றுக்கொண்டேன். ஒரு சமையலறை அலமாரிக்கு 12 துளை. ஒவ்வொன்றின் உள்ளேயும் விரலை விட்டுச் சுற்றினால் ஒரே இடத்தில், ஒரே மாதிரி, அரை மில்லி தட்டுப்பட்டது. வட்டத்தின் குறை கண்ணுக்குத் தெரியும் முன்பே விரலுக்குத் தெரிந்துவிடுகிறது.

கடைசல்

வட்டத்தை வட்டமாகச் செய்வதற்கென்றே இருக்கிற மிஷின் லேத். அது கோவையில் சந்துக்குச் சந்து இருக்கிறது. கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு, குறிச்சி என்று எந்தப் பக்கம் போனாலும் பம்பு, மோட்டார், மில் உதிரிப் பாகம் கடைகிற பட்டறைகள். இம்பெல்லருக்கும் பேரிங் உட்காரும் வீட்டுக்கும் மில்லியில் நூறில் சில பங்கு பார்த்துக் கடைகிறவர்களுக்கு, ஒரு பலகையில் 68 மிமீ துளை போடுவது டீ குடிக்கும் நேரத்து வேலை. மரவேலைக்காரர்கள் நாம்தான் அந்தப் பக்கம் போவதில்லை. இரும்பு வேலை வேறு, மர வேலை வேறு என்று பழகிவிட்டோம். எனக்கே இது தோன்றப் பல வருசம் ஆனது.

பொருள் எது என்பதற்கு என் பதில் ஹைலம். மின் பேனல் போர்டில் போடுகிற அந்தப் பழுப்பு அட்டை. துணியையோ காகிதத்தையோ பினாலிக் பிசினில் ஊற வைத்து, சூட்டில் அழுத்திச் செய்வது. சூட்டில் உருகாது, ஈரத்தில் பொங்காது, புஷ் உரசினாலும் எளிதில் தேயாது. அலுமினியமும் கடையலாம், ஆனால் கை தவறி பிட் அதில் பட்டால் பிட்டின் பல் உடையும். ஹைலத்தில் பட்டால் அந்த அளவுக்குப் போகாது, டெம்ப்ளேட்டில் ஒரு கீறல் விழும். பேனல் செய்கிற இடங்களில் கேட்டால் 12 மிமீ கனத்தில் துண்டு கிடைக்கும்.

நான் 200 மிமீ சதுரமாக வெட்டிக் கொண்டுபோனேன். வளையமாக வேண்டாம், சதுரமாகவே இருக்கட்டும். கிளாம்ப் போட இடம் கிடைக்கும். துளை போடும் முன்பே இரண்டு பக்கமும் நடுக்கோட்டை ஓரத்திலிருந்து ஓரம் வரை ஊசியால் கீறிவிட்டேன். துளை போனபின் நடுப்புள்ளி இருக்காது, அந்தக் கோடுகள்தான் மிஞ்சும். மேசையில் போட்ட பென்சில் கோட்டோடு அவற்றைச் சேர்த்துவிட்டால் துளையின் நடு தானாக அமைந்துவிடும்.

குறிச்சியில் நான் போன பட்டறையில் இருந்தவர் அறுபதைத் தாண்டியவர். பலகையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அறுபத்தெட்டுன்னா அறுபத்தெட்டேதானுங்களா தம்பி, முன்னப்பின்ன இருக்கலாமுங்களா?"

"பத்துல ஒரு பங்கு மில்லி வரைக்கும் பரவாயில்லைங்ணா. சின்னதா நின்னா நல்லது."

"மரத்துக்கு எதுக்குங் இவ்வளவு?"

48 துளை என்று சொன்னதும் வேறெதுவும் கேட்கவில்லை. நாலு தாடைச் சக்கில் பலகையை மாட்டினார். கீறின கோடுகள் சேரும் புள்ளிக்கு நேராக ஊசி முனையை நிறுத்தி, சக்கைக் கையால் மெல்லச் சுற்றினார். புள்ளி ஊசியை விட்டு அலைந்தது. ஒரு தாடையைத் தளர்த்தி எதிர்த் தாடையை இறுக்கினார், மறுபடி சுற்றினார். ஐந்தாறு தடவைக்குப் பிறகு புள்ளி அசையாமல் நின்றது. அதற்கு ஆன நேரம்தான் அதிகம். கடைசல் ஓட ஆரம்பித்ததும் பழுப்புத் தூள் மெல்லிய மாவாக உதிர்ந்தது, சுட்ட பேக்லைட் வாசனை. 67.6ல் நிறுத்தி வெர்னியரை விட்டார். அப்புறம் மிக மெல்லிசாக ஒரு இழுப்பு, மறுபடி வெர்னியர், இன்னொரு இழுப்பு. கையில் கொடுக்கும்போது 67.95. உள்சுவரில் விரலை ஓட்டினால் கண்ணாடி.

கூலி, ஒரு நல்ல கார்பைடு பிட்டின் விலையை விடக் குறைவு.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒரே பலகை பல அளவுக்கு உதவும். அதே 68ல் 12 மிமீ புஷ்ஷும் 6 மிமீ பிட்டும் போட்டால் 62 துளை. 16 புஷ்ஷோடு 6 மிமீ பிட் என்றால் 58. பேரிங் பிட் போட்டால் 68. மூடியோ விளக்கோ வந்தபின் அளவு ஒரு மில்லி இரண்டு மில்லி மாறும்போது இது கை கொடுக்கும்.

பெரிய வட்டத்துக்குக் கவராயம்

மாசி, பங்குனி வந்துவிட்டால் எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் மாரியம்மன் நோம்பி. பூச்சாட்டி, கம்பம் நட்டுவிட்டால் இரவெல்லாம் ஆட்டம்தான். அதற்கு முன்பே சவுண்டு செட் வைத்திருப்பவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பழைய முன்பலகை அதிர்ந்து திருகு நிற்காது, புதுசு போட வேண்டும். 15 இஞ்சு வூஃபர். 15 இஞ்சு என்பது பெயருக்கு. துளையின் அளவு அதுவல்ல. கடைசியாக வந்த வூஃபரின் அளவுத் தாளில் துளை 352 மிமீ என்று இருந்தது. தாள் இல்லாவிட்டால் வூஃபரின் கூடையின் (அதன் உலோகக் கூடு) பின்புறத்தை அளந்துதான் துளை போட வேண்டும். இதற்கு லேத்தில் டெம்ப்ளேட் கடைவது நியாயமே இல்லை. சின்ன லேத்தில் பலகை சுற்றவே இடம் இருக்காது, அடுத்து வரும் வூஃபருக்கு அளவும் வேறாக இருக்கும்.

இங்கே டெம்ப்ளேட்டே வேண்டாம். 9 மிமீ பிளைவுட்டில் 60 செமீ நீளம், 12 செமீ அகலத்தில் ஒரு பட்டை. டிரிம்மரின் பிளாஸ்டிக் அடித்தட்டைக் கழற்றி, அதையே மாதிரியாக வைத்துத் திருகுத் துளைகளைக் குறித்து, பட்டையின் ஒரு முனையில் மிஷினை மாட்டுங்கள். பிட் இறங்க ஒரு துளை. மறுபக்கம் 3 மிமீ ஆணி ஒன்று, அதுதான் நடுப்புள்ளி. அவ்வளவுதான் கவராயம்.

அளவு எடுப்பதில்தான் தப்பு வரும். துளை வேண்டும் என்றால் ஆணியின் நடுவிலிருந்து பிட்டின் வெளிப்பல் வரை ஆரம் இருக்க வேண்டும். 352க்கு ஆரம் 176. 6 மிமீ பிட் என்றால் ஆணியிலிருந்து பிட்டின் நடுவரை 173. வெட்டி எடுக்கும் வட்டு வேண்டும் என்றால் கணக்கு மாறும். அப்போது உள்பல்லை அளக்க வேண்டும். எப்படி அளந்தாலும் வேண்டாத துண்டில் ஒரு மில்லி ஆழத்துக்கு ஒரு வட்டம் போட்டு விட்டத்தை அளந்து பாருங்கள். எவ்வளவு தப்போ அதில் பாதி ஆணியை நகர்த்தினால் போதும்.

வூஃபரின் சட்டம் பலகையோடு சமமாக உட்கார வேண்டுமென்றால் வெளிப்படியை (சட்டம் உட்காரும் பள்ளத்தை) முதலில் வெட்டுங்கள், துளையைக் கடைசியில். துளையை முதலில் வெட்டிவிட்டால் நடுவில் இருந்த ஆணி வட்டோடு போய்விடும்; படி வெட்டுவதற்கு மையமே இருக்காது. கேட்டால் சின்ன விசயம். ஒரு முழுப் பலகையைக் கெடுத்தபின்தான் எனக்கு இது மனசில் நின்றது. கடைசிச் சுற்றில் வட்டு கழன்று ஆடாமல் இருக்க, அடியில் ஒரு பழைய பலகையைப் போட்டு, வட்டை அதோடு இரண்டு திருகால் பிடித்துவிடுங்கள்.

சின்ன வட்டத்துக்குக் கவராயம் தோதுப்படாது. ஆணி மிஷினின் அடியிலேயே வந்துவிடும், பார்த்து வைக்க முடியாது. 15 செமீ விட்டத்துக்குக் கீழே நான் அதைத் தொடுவதில்லை. பாதி ஆழக் குழிக்கும் யோசிக்க வேண்டும். குழியின் தரையில் ஆணித் துளை தெரியும். அந்த இடத்தில் இரட்டைப் பக்க ஒட்டு நாடாவில் ஒரு துண்டுப் பலகையை ஒட்டி, அதில் ஆணியை அடித்துக்கொள்ளலாம்.

48 துளை

ஹைலம் பலகை வந்த மறுநாள் வேலையைத் தொடங்கினோம். நேராக ரவுட்டரை இறக்காமல் முதலில் எல்லா இடத்திலும் 54 மிமீ ஹோல்சா போட்டு நடுவை எடுத்துவிட்டோம். மிச்சம் சுற்றிலும் 3 மில்லி. பிட்டுக்கும் பாரம் இல்லை, கடைசியில் வட்டு கழன்று பிட்டில் மோதும் பயமும் இல்லை. மைக்காவின் மேல் காகித நாடா ஒட்டி, அதன் மேல் பென்சில் கோடு. பலகையைக் கோட்டோடு சேர்த்து இரண்டு கிளாம்ப்.

ரவுட்டரைத் துளையின் நடுவில் காற்றிலேயே ஓடவிட்டு, அப்புறம் மெல்ல ஓரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மரத்தைத் தொட்டதும் ஊளை போன்ற சத்தம் தடித்துவிடும். துளைக்குள் ஓட்டும் திசை, கோயிலில் வலம் வருகிற திசை. அந்தப் பக்கமாக ஓட்டினால் பிட்டின் சுழற்சியே புஷ்ஷை டெம்ப்ளேட்டின் ஓரத்தோடு அணைத்து வைக்கும். மாற்றி ஓட்டினால் ஓரத்தை விட்டு விலகி ஓடப் பார்க்கும். வெளிவிளிம்பு வெட்டும்போது மட்டும் இடமாகச் சுற்ற வேண்டும். பட்டறையில் இருக்கும் பையன்களுக்கு இப்படிச் சொன்னால் மறப்பதில்லை.

இன்னொரு பழக்கமும் சொல்லிக் கொடுத்தேன். சுற்றி வரும்போது மிஷினின் கைப்பிடி ஒரே திசையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். புஷ் துல்லியமாக நடுவில் உட்காராமல் துளி தள்ளி இருந்தாலும், மிஷினைத் திருப்பாமல் ஓட்டினால் வட்டம் வட்டமாகவே வரும். அந்தத் துளி அளவு இடம் மாறும், அவ்வளவுதான். ஓட்டும்போதே மிஷினையும் திருப்பினால் வட்டத்தின் அளவும் வடிவமும் கெடும்.

4 மில்லி, 4 மில்லியாக நாலு சுற்று, கடைசியில் அடியில் இருந்த பலகையைத் தொடும் வரை ஒன்று. முதல் துளையில் நாடாவை உரித்துவிட்டு வெர்னியரை விட்டேன். 59.9. பல்லடத்துப் பையன் ஒருவன் என்னிடம் வேலை பழகுகிறான். உள்ளே விரலை விட்டு இரண்டு சுற்றுச் சுற்றினான்.

"எங்க ஆரம்பிச்சு எங்க முடிச்சீங்கன்னே தெரியலைங்ணா."

அன்று 20 துளை, மறுநாள் மிச்சம். கடைசித் துளையும் 59.9தான். ஹைலத்தின் ஓரத்தில் புஷ் ஓடிய இடம் கொஞ்சம் பளபளத்திருந்தது, தேயவில்லை.

அந்தப் பலகை இப்போது சுவரில் தொங்குகிறது. அதன் மேல் ஊசியால் கீறி வைத்திருக்கிறேன்: 68, புஷ் 16, பிட் 8, துளை 60. அதற்குக் கீழே 62க்கும் 58க்கும் எந்த புஷ், எந்த பிட் என்று. காகிதத்தில் எழுதி ஒட்டினால் தூசியில் உதிர்ந்துவிடும், ஆறு மாதம் கழித்து எடுக்கும்போது மறுபடி கணக்குப் போட வேண்டி வரும். இந்த வாரம் உடுமலையிலிருந்து ஒரு வீட்டுக்காரர் மர உட்கூரை கேட்டு வந்தார். விளக்கு 30, துளை 75 மிமீ. இன்னொரு ஹைலம் துண்டு வெட்டி, நடுக்கோடு கீறி வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை குறிச்சி போகும்போது 83 கடையக் கொடுக்க வேண்டும்.